போனதாகக் கருதக்கூடாது

...அப்படியென்றால் என் மகள் நவமணி எந்த நாட்டுக்காரி, வயசு பன்னிரண்டு முடிந்துவிட்டது, இந்த மாதமே அடையாளக் கார்டு எடுக்க வேண்டும், பிறந்த இடம் எது என்று ஆபீஸ்காரன் கேட்பானே, சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை ஓரம், மூங்கில் கொட்டகை, செத்தவனை இழுத்துப் போட்ட பாயையே திருப்பி விரித்துப் பெற்றேன் என்றா சொல்வது... கங்கா பெஞ்சு நுனியில் உட்கார்ந்து கட்டைவிரலில் காய்ந்திருந்த ரப்பர்ப் பாலை உரித்தாள். கோல சிலாங்கூர் தோட்டத் தொழிலாளர் சங்க அறை, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கருவாட்டு நெடி, எதிரே சங்கத்துக் கிராணி சில்வெஸ்டர் தட்டச்சு அடிக்கிறான். வெள்ளைக்காரன் போகப்போகிறானாம், இனி யார் இந்த நாட்டுப் பிரஜை என்று சட்டம் எழுதத் துரைமார் வந்திருக்கிறார்களாம், தோட்டத்து ஆட்களும் மனுக் கொடுக்கலாமாம். இங்கே பிறந்தவர்கள், இடையில் நாட்டை விட்டுப் போகாதவர்கள், என்று மனுவை அவன் படித்துக் காட்டினான். போனாளே, இரண்டரை வருஷம். கூடப் போன புருஷன் இருசப்பன் திரும்பவே இல்லையே.

"அப்ப சயாம்ல பொறந்ததுங்க?" என்று கேட்டாள். சுவரோரம் நின்ற, தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மண்டோர் காளியண்ணன் சிரித்தான், "சயாம் ராஜாகிட்ட போயி மனு குடு லா, கங்கா." இவள் வாய் சும்மா இருக்கவில்லை, "ஜப்பான்காரனுக்கு லோரில எங்கள ஏத்திவிட்டியே மண்டோரே, அன்னிக்கு எந்த ராஜாவக் கேட்ட?" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சில்வெஸ்டர் கை நின்றது. "எத்தன பேருக்கா போனீங்க?" எங்கள் லயத்து வீடுகளில் இருபத்தேழு, வந்தது ஒன்பது, என் இடுப்பில் ஒரு பிள்ளை என்றாள். அவன் தாளை உருவி வேறு தாள் சொருகினான், இங்கிலீஷில் அடித்தான், தமிழில் சொன்னான்: பலவந்தமாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனதாகக் கருதக்கூடாது, அங்கே பெற்ற பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்களே. "தொரைங்க ஒத்துக்குவாங்களா தம்பி?" "தெரியலக்கா. கேக்காம விட்டா நிச்சயமா கெடைக்காது." அது போதும், அப்பாடா, எழுத்தில் ஏறிவிட்டது... மனுவின் அடியில் கைநாட்டு வைத்தாள், பால் ஒட்டிய விரலில் ரேகையே விழவில்லை, பல்லால் சுரண்டிவிட்டு மறுபடி அழுத்தினாள், விழுந்தது.

ஊரடங்குக்கு முன்னால் தோட்டம் சேர வேண்டும். கம்பிவேலி வாசலில் சிப்பாய், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கடத்தும் அரிசி இருக்கிறதா என்று பையைத் துழாவுவான், துழாவட்டும், இன்றைக்கு அவன்மேல்கூடக் கோபம் வராது. நவமணிக்கு நாலு பிஸ்கட் வாங்கினாள். பஸ்ஸில் சாய்ந்து அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், போனதாகக் கருதக்கூடாது, கருதக்கூடாது... யாரை, கொண்டுபோகப்பட்டவர்களை, எல்லோரையும்தானே, திரும்பியவர்களை மட்டும் என்று அதில் இல்லையே. அப்படியானால் நவமணி அப்பாவும் போகவில்லை. பிறகு தோட்டத்துப் பேர்ப்பட்டியலில் அவர் பேரை வெட்டியது எந்தக் கணக்கில்? நாளை விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் காளியண்ணன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான், என் பேரும் வரும், நான் கை தூக்குவேன், அதற்கு முந்தின பேரை ஏன் விட்டாய் என்று கேட்டால், எந்தப் பேர் என்பானே... அவர் பேரை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லையே.