அழிக்காத நாற்பது நாள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அண்ணியிடமிருந்து சுட்டது. அண்ணி போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அதன் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் நான் எழுதுவது வழக்கம். பரு, தழும்பு, கருவளையம் எதுவானாலும் கம்ப்யூட்டரில் துடைத்து எடுப்பதில் அண்ணி பெரிய கில்லாடி. ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் ஊரில் பாதிப் பேர் கறியை விட்டார்கள், சிலர் காப்பியை விட்டார்கள். அண்ணி டச்சப்பை விட்டார். சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாள், எந்த முகத்திலும் கை வைப்பதில்லை.

முதல் நாளே வினை. லைசென்ஸுக்குப் படம் எடுத்த லாரி டிரைவரின் நெற்றியில் காலையில் கோயிலில் பூசிய சாம்பல் சிலுவை. படம் செல்லாது என்று திரும்பி வந்தது.

"அழிச்சிருக்கலாமேக்கா?"

"நீங்க மூஞ்சியக் கழுவிட்டு வந்திருக்கலாமே?"

இதைக் கேட்டு எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நாற்பது நாள், எழுதியதை அழிக்க மாட்டேன் என்று நானும் விரதம் எடுத்தேன். ஆகவே இது அடித்தல் திருத்தலோடுதான் (அடித்தவை அடைப்புக்குறிக்குள்) உங்கள் கைக்கு வருகிறது.

2

தபால்காரம்மாவை எப்படி அறிமுகப்படுத்துவது?

[மழையில் நனைந்த காக்கிச் சட்டையோடு, விதியின் தூதுவராக அவர்—] சகிக்கவில்லை.

[அவருடைய இடது கன்னத்தில் ஒரு] எடுத்த எடுப்பில் கன்னத்துக்கா போவது?

எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நடந்து நடந்து முழங்கால் தேய்ந்துவிட்டது. உட்கார்ந்து பார்க்கும் கவுன்ட்டர் வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. படத்தில் துடைத்தாலும் நேரில் தெரியும் கன்னத்துத் தீத்தழும்புதான் காரணம் என்பது அவர் நினைப்பு.*

* தழும்பு எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது. கற்பனை செய்யக் கை துறுதுறுக்கிறது. செய்யப்போவதில்லை.

3

மூன்றாவது முறைக்குப் படம் எடுக்க வந்தார். வழக்கமாக அவர் கேட்காமலே அண்ணி தழும்பைத் துடைத்துவிடுவார். இம்முறை விட்டுவிட்டார். கவரைப் பிரிக்காமல் கொண்டுபோனவர், விண்ணப்பத்தில் ஒட்டும்போதுதான் பார்த்திருக்கிறார். அன்றுதான் கடைசித் தேதி. மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஏங்க, என்னங்க இது?"

"தவக்காலம்... டச்சப் பண்றதில்லன்னு விரதம்."

"விரதம் உங்களுது. மூஞ்சி என்னுதில்லையா?"

[அண்ணி புன்னகையோடு உண்மையின் அழகை விளக்கினார்] இல்லை. அப்படி நடக்க ஆசைப்பட்டது நான். அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று.

"தப்புதாங்க. நான் விரதம் இருக்கறேன்னு உங்களப் பட்டினி போட்டுட்டேன்."

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். "எவ்வளவு எடுக்கட்டும்?" என்றார். இத்தனை வருடத்தில் யாரிடமும் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தபால்காரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையில் விரல் வைத்துக் காட்டினார். "இதுவரைக்கும் எடுங்க. கீழ உள்ளது இருக்கட்டும். போதும், போதும்."

விரதத்தை உடைத்த அந்தப் பத்து நிமிடத்தில் அண்ணியின் மேல் எனக்கு வந்த மரியாதை, விரதம் இருந்த நாட்களில் வந்ததில்லை.

4

முடிவு (அ): வேலை கிடைக்கிறது, தபால்காரம்மா ஓடி வந்து அண்ணியைக் கட்டிக்கொள்கிறார்.

முடிவு (ஆ): கிடைக்கவில்லை, "தழும்போடவே அனுப்பியிருக்கலாம்" என்று கலங்குகிறார்.

இரண்டுமே டச்சப். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அவரே தனக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ள வேண்டிய தபால் அது.

5

தபால்காரம்மா வந்துபோன மறுநாள் முதல் அண்ணி கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவர் முழுக்க முகங்கள் உள்ள கடையில் அண்ணியின் முகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் குடும்பப் படங்களிலும் இல்லை, எடுப்பவர் அவர்தானே. இப்போது தினம் ஒரு படம், துடைக்காமல். முதல் படத்தை என்னிடம் காட்டினார். அதில் அண்ணி [                              ]

அங்கே ஐந்து வரி இருந்தது. நான் எழுதியதிலேயே நல்ல வரிகள். பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. எடுத்துரு."

"அண்ணி, நான்தான் அழிக்கிறதில்லன்னு..."

"உனக்குத்தான் காட்டினேன். ஊருக்கில்ல."

அழித்தேன். மனசில்லாமல்தான் அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் போவதை அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தும் போனபிறகுதான் வாசலில் காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடைப்புக்குறியை மட்டும் உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன். அதற்குள் ஒரு முகம் வரையத் தோன்றினால் வரையலாம். முதலில் அவரைக் கேட்டுவிடுங்கள்.