வாசல் விளக்கைப் போடுங்கப்பா

நாங்கள் தெருவுக்குள் திரும்பியதும் அப்பா வாசல் விளக்கை அணைத்தார். நான் பார்த்தேன். என் தம்பி டிராவிஸும் பார்த்தான்.

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற ஹாலோவீன் ராத்திரியில், விளக்கு எரியாத வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. அமெரிக்காவில் எங்கள் ஊரான டெஸ் மாய்னில் இது எல்லோரும் மதிக்கிற முறை. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த விளக்கு இந்த ஒரு நாளில் அணைந்ததே கிடையாது. முழு சாக்லேட் கொடுக்கிற வீடு என்று அடுத்த தெருப் பிள்ளைகள்கூட ஓடி வருவார்கள். எனக்காகத்தான் அணைத்தார். எனக்கும், குழந்தைத் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த என் மகள் மேரனுக்கும்.

கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றேன். அதற்காக நான் தலைகுனிந்து நடக்க வேண்டும் என்று அப்பாவுக்கு எண்ணம். நான் குனியவில்லை. பிள்ளையோடு என் படி ஏறாதே என்றார். சரிதான் போங்கள் என்று வந்துவிட்டேன். மேரனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, தாத்தா முகம் தெரியாது. இன்றுதான் முதல் தடவையாக வீடு வீடாகப் போகிறாள். இந்த ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவளுக்கு வாத்து வேஷம். குளிருக்குக் கோட்டு மாட்டியதில் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகள் ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். மேரனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. குளிக்கலாமா வாத்தே என்று நான் கேட்பேன், வேணாம் என்று அவள் கத்துவாள். வாசலுக்கு வாசல் சிரித்து, பையை நிரப்பி அனுப்பினார்கள்.

டிராவிஸ் என் கையைப் பிடித்தான். "லைட்டு அணைஞ்சிருச்சுக்கா. போயிரலாம், தெருவே பாக்குது."

"பாக்கட்டும்."

அவனைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு, மேரனை வண்டியிலிருந்து இறக்கிக் கையைப் பிடித்துப் படி ஏறித் தட்டினேன். மறுபடி தட்டினேன். மேரனும் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். என் ரத்தம் அல்லவா.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அவளைப் பார்த்தார், அந்த வாலைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே கையை விட்டு ஒரு முழு சாக்லேட்டை எடுத்து நீட்டினார். நீட்டும்போதே தெருப்பக்கம் ஒரு பார்வை. யாரும் பார்ப்பதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டுமாம்.

மேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"இருட்டுல வாங்க மாட்டோம்பா. லைட்டைப் போடுங்க, வாங்கிக்கறோம்."

"மெதுவாப் பேசு. திமிரு இன்னும் போகல உனக்கு."

"போகாது."

அவர் என்னை விட்டுவிட்டு, நீ வாங்கிக்கோ கண்ணு என்று சாக்லேட்டை அவள் முகத்தருகே கொண்டுவந்தார்.

"வேணாம்!" என்று கத்தினாள் மேரன்.

ஜோக் சொல்லிவிட்டாள். இத்தனை வீட்டில் சிரித்தார்களே, இவர் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பாவால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. உதடு கோணியது. நானும் இறங்கி வரவில்லை, நின்றேன்.

அவர் கை சுவரைத் தடவியது.

விளக்கு எரிந்தது. எதிர்வீட்டு வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் அப்பா, நான், என் மகள், மூன்று பேரும் நன்றாகத் தெரிந்தோம்.

"இப்பக் குடுங்க," என்றேன்.