இன்னும் ரெண்டு ஆளு

காசியின் எட்டு மணி ஜீப் எட்டு மணிக்குக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. நெல்லிவாசலிலிருந்து ஜமுனாமரத்தூர்ப் பள்ளிக்கு ஒன்பது வருடமாக அதில்தான் போகிறேன். எட்டரை மணிக்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருப்பான். என்ஜினை உறுமவிட்டு, வண்டியைப் பத்தடி முன்னால் விடுவான். பத்தடி பின்னால் எடுப்பான். ஜீப் போய்விடப் போகிறதே என்று தூரத்தில் வருகிறவர்கள் விழுந்தடித்து ஓடிவருவார்கள். கேட்டால், "இன்னும் ரெண்டு ஆளு டீச்சர், வந்தா எடுத்துருவேன்" என்பான். அந்த ரெண்டு ஆளும் வந்த பிறகு வேறு ரெண்டு ஆள் பாக்கி இருக்கும். யாராவது பொறுமை போய் வண்டித் தகரத்தில் இரண்டு முறை தட்டினால்தான் அவன் கால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்.

இந்தப் புண்ணியவானால் எனக்கு மூன்று மெமோ. மூன்றுக்கும் 'ஜீப் தாமதம்' என்று பதில் எழுதிக்கொடுத்தேன். நாலாவது வந்தால் மாற்றல்தான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கோடை விழாவில் படகுப் போட்டி என்று அறிவித்தார்கள். ஏரியில் இரண்டு மோட்டார் படகு. ஜெயிப்பவருக்குப் படகு ஓட்டும் வேலை. காசி பெயர் கொடுத்தான். அவன் மனைவி செல்லி என்னைத் தேடி வந்தாள்.

"அவர் மட்டும் ஏரிக்குப் போய்ட்டா ஜீப்ப நான் ஓட்டுவேன் டீச்சர். லைசன்ஸ் எடுத்து மூணு வருசம் ஆவுது. எட்டுன்னா எட்டு."

அன்றே காசி ஜெயிக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

தேர்தலுக்கும் வாத்தியார், கணக்கெடுப்புக்கும் வாத்தியார். படகுப் போட்டியில் கோடு பார்க்கவும் என்னையே போட்டார்கள். விதி கொஞ்சம் விசித்திரமானது. படகுகள் நின்ற இடத்திலிருந்து புறப்படக் கூடாது. தண்ணீரில் மிதவை கட்டிப் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரையில் தகரப் பலகையில் மாட்டிய பெரிய கடிகாரம் ஒரு நிமிடத்திலிருந்து இறங்கும். பூஜ்யம் வருவதற்குள் கோட்டைத் தாண்டினால் அவுட். பூஜ்யம் வந்து அரை நிமிடத்துக்குள் தாண்டாவிட்டாலும் அவுட். தாண்டி, ஏரியை ஒரு சுற்று சுற்ற வேண்டும்.

எதிராளி ராஜ்குமார், ஒடுகத்தூரில் தனியார் பஸ் ஓட்டியவன். முன்னால் போக வேண்டிய பஸ்ஸை முந்திப் போய், அதன் ஆட்களையெல்லாம் அள்ளிக்கொள்வதில் பேர் போனவன். அடுத்தவன் வண்டி அசைந்தால் இவனுக்குப் பொறுக்காது.

கடிகாரம் இறங்கியது. காசி படகை உறுமவிட்டு, பத்தடி முன்னால் விட்டான், பின்னால் எடுத்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பூஜ்யத்துக்கு ஐந்து வினாடி இருக்கும்போது மறுபடி உறுமிக்கொண்டு முன்னால் வந்தான். ராஜ்குமார் அதை நம்பினான். இவன் போகிறான் என்று ஒரே பாய்ச்சலாகக் கோட்டைத் தாண்டிவிட்டான். காசி பின்னால் எடுத்துக்கொண்டான். நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். ராஜ்குமார் அவுட்.

பூஜ்யம் வந்தது. இனி காசி சும்மா கோட்டைத் தாண்டி ஒரு சுற்று வந்தால் போதும். அவனோ முன்னால் விடுகிறான், பின்னால் எடுக்கிறான். பத்து வினாடி. பதினைந்து. திரும்பிப் படகின் காலி இருக்கைகளைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு ஒன்பது வருடப் பழக்கம். கரையில் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தான். இருபது. செல்லி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து.

எனக்கு வந்த கோபத்தில் கை தானாக எழுந்தது. பக்கத்திலிருந்த கடிகாரத் தகரப் பலகையில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினேன். மறுகணம் காசியின் படகு சீறிக்கொண்டு கோட்டைத் தாண்டியது. இருபத்தெட்டு.

ராஜ்குமார் விழா அதிகாரியிடம் ஓடினான். "டீச்சர் தட்டிக் குடுத்தாங்க சார். நான் பார்த்தேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"கொசு சார்" என்றேன்.

"ரெண்டு தபாவா?"

"ரெண்டு கொசு."

வேலை காசிக்குக் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றலை நினைத்ததும் வெட்கம் போய்விட்டது.

பள்ளி திறந்த முதல் நாள். புதுப் புடவை கட்டி, பூ வைத்து, வழக்கம்போல நிதானமாக ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஜீப்பைக் காணோம். டீக்கடைக் குப்பம்மாளிடம் கேட்டேன்.

"எட்டுக்கே பூடுச்சு டீச்சர். உங்களுக்காக செல்லி ரெண்டு தபா வண்டியத் தட்டிக்கூடப் பார்த்துச்சு. நீங்க எப்பவும் எட்டு இருவதுக்குத்தான வருவீங்க."

மணி பார்த்தேன். எட்டு இருபது.

நாலாவது மெமோ மேசைமேல் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ஜீப் என்று எழுத முடியாது, கொசு என்றும் எழுத முடியாது. அரை மணி நேரமாகப் பேனாவைத் தாளுக்கு மேலே முன்னால் கொண்டுபோகிறேன், பின்னால் எடுக்கிறேன்.