மூன்று கீறல் மட்டி

படகுக்காரர் ஹால்வர் ஃபோன் செய்தபோது என் கத்தி ஒரு மட்டிக்குள் பாதி இறங்கியிருந்தது. அப்படியே மேசையில் வைத்துவிட்டு எடுத்தேன்.

"தீசா, சொல்ல மறந்துட்டேன். நேத்து வலையில ஒரு மட்டி வந்துச்சு. ஓட்டுல மூணு கீறல் இருக்கும். அத மட்டும் அறுத்துடாத."

"எங்க வச்சீங்க?"

"இரை வாளியிலதான். கடல்தண்ணி அது ஒண்ணுலதானே இருந்துச்சு?"

காலையிலிருந்து அந்த வாளியைத்தான் காலி செய்கிறேன். இரண்டு பக்கத் தசையையும் அறு, சதையைத் தூண்டில் முள்ளில் குத்து, ஓட்டைப் பின்னால் எறி. கை தானாக ஓடும். ஓட்டை யார் பார்க்கிறார்கள்?

"மட்டி ஆராய்ச்சி பண்றாங்களே ஸ்டெய்ன்வோர், அவங்க வந்துட்டிருக்காங்க. இருபத்திமூணு வருஷம் முன்னாடி அவங்களே அடையாளத்துக்குக் கீறி கடல்ல விட்டதாம். நூத்தம்பது வயசுக்கு மேலயாம். உயிரோட திரும்ப விடணுமாம். தீசா? இருக்கியா?"

நான் ஏற்கெனவே ஓட்டுக் குவியலில் மண்டியிட்டிருந்தேன். கறுப்பு ஓடு, கறுப்பு ஓடு, சேற்றைத் துடைத்தால் இன்னொரு கறுப்பு ஓடு. குறைந்தது நூறு ஓடு இருக்கும். ஒன்றிலும் கீறல் இல்லை. வாளியில் மிச்சமிருந்த ஆறிலும் இல்லை.

அப்புறம்தான் மேசை ஞாபகம் வந்தது. கத்தியோடு கிடந்ததைத் திருப்பினேன்.

மூன்று கீறல்.

கத்தியை உருவினேன். ஓடு இளித்துக்கொண்டு நின்றது. ஸ்டெய்ன்வோரும் ஹால்வரும் உள்ளே வந்தபோது அதை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை தசை அறுத்த?" என்று கேட்டார் ஸ்டெய்ன்வோர்.

"ஒண்ணு."

"இன்னொண்ணு இருக்குல்ல. மூடுதான்னு பாப்போம். மூடலன்னா போச்சு."

பத்து நிமிடம் ஆயிற்று. அசைவில்லை.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்து ஆளு," என்றார் ஹால்வர். "நீ ரெண்டே செகண்ட்ல முடிச்சிட்ட."

"வாளியில போட்டது யாரு?" என்றேன். பொறுக்க முடியாமல் கையுறையைக் கழற்றி, ஒரு விரலை இடைவெளிக்குள் விட்டேன்.

மெதுவாக, மிக மெதுவாக, ஓடு விரலைக் கவ்வியது.

"ஆ! புடிச்சிடுச்சு! புடிச்சிடுச்சு!"

"இழுக்காத!" என்று கத்தினார் ஸ்டெய்ன்வோர். "ஓடு உடைஞ்சிடும். அதுவா விடட்டும்."

ஹால்வர் விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டெய்ன்வோர் என் விரலோடு சேர்த்தே ஓட்டை அளந்தார்.

"இத்தனை வருஷத்துல ஒரு மில்லிமீட்டர்கூட வளரல."

"பொழச்சுக்குமா?"

"இன்னிக்கே கொண்டுபோய் விடுவோம். அடுத்த வருஷம் தேடிப் பாத்தாத்தான் தெரியும்."

தண்ணீரில் கை மரத்துக்கொண்டே வந்தது. பிடி தளர்கிறதா, என் விரல்தான் உணர்விழக்கிறதா, தெரியவில்லை. நான் அசையவே இல்லை.