சந்தனம் வைத்த டிரம் மெஷின்

அருணாதேவி எட்டு நாளாக ஒரு தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நிஜத் தட்டு அல்ல, டிரம் மெஷினுக்குள் இருக்கும் ஹை-ஹாட். டிரம் செட்டில் காலால் மிதித்தால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு இருக்குமே, அதன் சத்தம். பெட்டியின் பன்னிரண்டு ரப்பர் பட்டன்களிலும் அதையே வைத்திருந்தாள். முதல் பட்டனில் இறுக மூடிய 'டிச்', கடைசியில் நன்றாகத் திறந்த 'ட்ஸ்ஸ்ஸ்', நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போகும். என்ன வைத்து என்ன? தாளம் தையல் மெஷின் மாதிரிதான் ஓடியது.

அது 1997. சென்னை ஸ்டூடியோக்காரர் ராமகிருஷ்ணன், விஜயதசமிக்கு அண்ணாமலையாரைக் கும்பிட வரும்போது வேங்கிக்காலில் அவள் வீட்டுக்கும் வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் தாளம் அமைக்கும் வேலை அவளுக்கு. கல்யாண ரிசப்ஷன் மேடைகளுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

கணவன் தருமன் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. எப்படித் தொடுவான்? இருவரும் இருந்த மெல்லிசைக் குழுவில் அவன் டிரம்மர், அவள் கீபோர்டு. போன வருஷம் குழு இந்த மெஷினை வாங்கியதும் அவனை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பெட்டியை அவள் கையில் கொடுத்தார்கள், அவளும் வாங்கிக்கொண்டாள்.

ஆயுத பூஜையன்று காலையில், எரிச்சல் தாங்காமல், அதுவரை தட்டிய ஹை-ஹாட் அடிகளை முழுக்க அழித்துவிட்டு, புதிதாகத் தட்டுவது பதியும்படி மெஷினை மறுபடி ஓடவிட்டாள். ஏற்கெனவே பதிந்திருந்த கிக்கின் 'தும்'மும் ஸ்நேரின் 'டக்'கும் மட்டும் ஹெட்போனில் திரும்பத் திரும்ப ஓடின. அந்த நேரம் பார்த்து மாமியார் காசியம்மாள், "எலுமிச்சம்பழத்த எங்கடி வெச்ச?" என்று கத்த, ஹெட்போனை மேசைமேல் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தால் மெஷின் அணைந்திருந்தது. பன்னிரண்டு பட்டனிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யாரு வெச்சது?"

"நான்தான்" என்றான் தருமன். "ஸ்கூட்டருக்கு வெச்சேன், மிக்ஸிக்கு வெச்சேன். இதுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. காசியம்மாள் அதில் படு கறார். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன மனிதர் ஏழு மணிக்கே வாசலில் நின்றார்.

"கோயில்ல கூட்டம் கம்மி. சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. போடும்மா, கேப்போம்."

ஹை-ஹாட்டே இல்லாத மொட்டைத் தாளம்தான் வரும், மானம் போகப்போகிறது என்று பயந்துகொண்டே ஸ்பீக்கரில் மாட்டி அழுத்தினாள்.

ஹை-ஹாட் வந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓர் அடி மெத்தென்று, அடுத்தது அழுத்தி, ஒன்று பாதி திறந்து மூச்சுவிட்டு மூடியது. பேய் கீய் புகுந்துவிட்டதா? மூன்றாவது சுற்றில்தான் பிடிபட்டது. நாலாவது அடியில் மயிரிழை பின்தங்கும் அந்தக் கை, அவள் பத்து வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட கை. ஹெட்போனிலிருந்து கசிந்த தாளத்துக்கு ஒவ்வொரு பட்டனாகப் பொட்டு வைத்திருக்கிறான். ஓடிக்கொண்டிருந்த பதிவு அத்தனையையும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

"பிரமாதம்! ஹை-ஹாட் யாரும்மா போட்டது?"

"நான்தாங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தன் வாயா இப்படிப் பேசியது என்று திகைத்துப் போனாள். பொரித் தட்டோடு நின்ற தருமன் அவளையே பார்த்தான்.

"எங்க, என் கண்ணெதிர்ல இன்னொண்ணு போடு."

நாலைந்து அடி தட்டினாள், அவ்வளவும் உயிரில்லாத கட்டை அடி. அதற்குமேல் முடியவில்லை.

"பொய் சொல்லிட்டேங்க. இவருதான் போட்டாரு. டிரம்மருங்க."

"ஐயோ, நான் சந்தனம்தாங்க வெச்சேன்!" என்று பதறினான் தருமன்.

"அப்ப இன்னொரு வாட்டி வெய்ப்பா."

தருமன் பொரித் தட்டைக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சந்தனம் காய்ந்த பட்டன்களில் ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தான்.

வெகுநேரம் கழித்து ராமகிருஷ்ணன் கண் திறந்தார். "திங்கக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்துடுப்பா. இந்தக் கைதான் எனக்கு வேணும்." அவள் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்று சிரித்தாள். நெஞ்சில் யாரோ ஓங்கி அறைந்தது போலிருந்தது. போன வருஷம் குழு வேண்டாம் என்ற அன்று, அவனும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.