தாக்ஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசை

டாக்டர் லெமுவேல் தாக்ஸ்டர் பார்வையற்றோர் பள்ளியைத் திறந்த அன்று, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாலடி வளர்ந்தது. தச்சர் வந்து தடவிப் பார்த்தார். ஒட்டு எங்கும் இல்லை. அதே மரம், அதே ரேகை. மேசைவிரிப்பு மட்டும் புதிதாகத் தைத்தார்கள். மாசசூசெட்ஸில் அந்த வருடம் ஆப்பிள் நன்றாகக் காய்த்தது.

பிறகு அவர் மனநோயாளிகளைச் சங்கிலியிலிருந்து விடுவித்தார். மேசை சுவரைத் தாண்டித் தோட்டத்துக்குப் போயிற்று. குடியை விட்டவர்களுக்கு விடுதி, தப்பி வந்த அடிமைகளுக்குப் பள்ளி என்று பதினாறு வருடங்களில் ஆற்றையும் கடந்தது. ஒரு நாற்காலியும் காலியில்லை. டாக்டர் அந்த முனையில். மனைவி ட்ரூசில்லா அடுப்படியை ஒட்டிய இந்த முனையில். அவர் திங்களன்று கேட்ட உப்பு கைமாறிக் கைமாறி வியாழனன்று போய்ச் சேர்ந்தது. இத்தனை பேர் பசியாறுவதைக் கண்டு மகிழத் தெரியாத மனதை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் மகிழ்ச்சி வரவில்லை.

ஒரு ஜனவரியில் மகள் ஹெட்டிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தொண்டையைக் கீறி மூச்சுவிட வைக்கத் தெரிந்த கை அந்தப் பக்கத்திலேயே டாக்டருடையது மட்டும்தான். அந்தப் பனியில் குழந்தையைத் தூக்கிப் போகவும் முடியாது. சேதி வாய்க்கு வாய் ஒரு சொல் மாறாமல் போனது. பதிலும் அப்படியே வந்தது: “கிளம்பிட்டேன். வழியில ஒருத்தருக்குக் கட்டி கீறிட்டு வந்துடறேன்.”

“ஊருக்கெல்லாம் ஓடுற காலு, வீடுன்னா மட்டும் நொண்டுது பாருங்கம்மா,” என்றாள் சமையற்காரி ஹனோரா.

“அப்பா இப்ப எத்தனாவது நாற்காலிம்மா?” என்று ஹெட்டி மூச்சிரைக்கக் கேட்டாள்.

“முப்பத்தொண்ணு, கண்ணு.”

நான்காம் நாள் நண்பகலில் அவர் மூன்றாவது நாற்காலி வரை வந்துவிட்டார். இரும்பு விலங்கு அரித்த கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் அழுதான், டாக்டர் மண்டியிட்டார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ட்ரூசில்லா வாயைத் திறந்தாள். அவன் வலி நிஜமாக இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் கட்டுப்போட்டு எழுந்து வந்தபோது ஹெட்டியின் கை அம்மாவின் மடியில் ஆறிப்போயிருந்தது.

அவர் அழுதார். இந்த முனையில் ஒன்பது நாள் தங்கினார். பிறகு ஹெட்டியின் பெயரில் குழந்தைகளுக்கு ஒரு தொண்டை மருத்துவமனை கட்டக் கிளம்பிப் போனார்.

அது திறந்த அன்று மேசை ஆறடி வளர்ந்தது. ட்ரூசில்லா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, விரிப்பின் நுனியில் புதுத் துணி ஒட்டுப்போட்டுத் தைத்தாள்.