இருமிய கட்டை

ஒகூலா செத்து இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு மரக்கட்டையாகக் கரை ஒதுங்கினார். இருமலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டோம். இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், பிறகு ஒரு செருமல். எங்கள் காயல் கரையில் அப்படி இருமியவர் அவர் ஒருவர்தான்.

அவர் ஆற்றின் மேலே, காட்டுக்குள், கம்பெனிக்கு ஒக்குமே மரம் வெட்டப் போனவர். வெட்டிய மரம் அவர் மேலேயே சாய்ந்தது. சங்கிலி போட்டு மரத்தை இழுத்துப் பார்த்தபோது அடியில் சட்டை இருந்தது, ஆள் இல்லை என்று கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். வேலை நிற்கவில்லை. மரத்தின் முனையில் சுத்தியலால் கம்பெனி முத்திரையை அடித்து, மற்ற மரங்களோடு தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டார்கள். வெள்ளத்தில் தெப்பம் அறுந்து கட்டைகள் கடலுக்குப் போயின. அது வருஷா வருஷம் நடப்பதுதான்.

அவர் இல்லாமல் தவித்தது அவருடைய தங்கை மகள் அவோரே. எங்களில் பிள்ளைகள் தாயின் குலம், பெண்ணைக் கொடுப்பவர் தாய்மாமன். அவர் கள்ளை வாயில் வைத்துப் பெண்ணின் நெற்றியில் ஊத வேண்டும். மாமன் ஊதாமல் போனவள் எத்தனை வருஷம் குடித்தனம் செய்தாலும் அந்த வீட்டில் விருந்தாளிதான். ஒகூலாவுக்கோ அண்ணன் தம்பி கிடையாது. அவோரே விரும்பிய ஓவோனோ, வடக்கிலிருந்து வந்த ஃபாங் இனத்துப் பையன். அவர்களில் தகப்பன் சொல்தான் சொல். பெண் கேட்டு வந்த அவனுடைய அப்பா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணோட அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, அப்புறம் எந்த மாமனுக்குக் காத்துக் கெடக்கீங்க? எங்க பக்கம் மாமன்னா விருந்துல கறி திங்க வர்றவரு, அவ்வளவுதான்" என்று சிரித்தார். மழை ஓயும் வரை பார்ப்பதாகவும், அதற்குமேல் வேறு இடத்தில் பெண் எடுப்பதாகவும் சொன்னார்.

அவோரேயின் அப்பா ரெத்தேனோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் கள்ளை எடுத்து வாயில் ஊற்றி, மகளின் நெற்றியைப் பார்த்து ஊதினார். கள் வெளியே வரவில்லை. விழுங்கவும் முடியவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு கன்னமும் உப்பியபடியே வலை பின்னினார், மீன் விற்றார், சைகையிலேயே சண்டை போட்டார். கஞ்சியை மூக்கு வழியாகக் குடிக்கப் பழகிக்கொண்டார். "எங்கண்ணன் வேலைய வாயில போட்டுக்கிட்டா அப்படித்தான். வீடாவது அமைதியா இருக்கு" என்றாள் அவர் பெண்டாட்டி.

மழை பின்வாங்கத் தொடங்கிய வாரம், நண்டு பொறுக்கப் போன அவோரே கடற்கரையில் அந்த இருமலைக் கேட்டாள். ஊரைக் கூட்டுவதற்குள் கம்பெனிப் படகும் வந்துவிட்டது, முத்திரை போட்ட கட்டைகளைக் கடல் வழியாக இழுத்துப்போக. கட்டை அவர்கள் கைக்குப் போனால் அவோரேயின் கல்யாணமும் அதோடு போய்விடும். அவள் கட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கும்மா. முத்திரை எங்களுது" என்றார் படகோடு வந்த புலிங்கி. கட்டை இருமியது. புலிங்கி ஓர் அடி பின்னால் போனார். "யாரும்மா இவரு?"

"என் தாய்மாமன்."

"காய்ச்சலா?"

"இல்ல, நனைஞ்ச புகையிலை பிடிப்பாரு. எப்பவும் இப்படித்தான்."

புலிங்கி தெற்கத்தி ஆள், புனு இனம். அவர்களிலும் தாயின் குலம்தான். தொப்பியைக் கழற்றிக் கட்டைக்கு வணக்கம் சொன்னார். படகில் இருந்தவர்களைப் பார்த்து, "கம்பெனி கட்டைய இழுத்துட்டு வரச் சொல்லுச்சு. ஒருத்தியோட மாமன இழுத்துட்டு வரச் சொல்லல" என்றார்.

கள்ளைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கட்டை ஒரு சொட்டும் மணலில் சிந்தாமல் குடித்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு முத்திரைக்கு நடுவே ஒரு வெடிப்பு விட்டு, பிசின் மணத்தோடு அவோரேயின் நெற்றியில் ஊதியது. அதே நொடியில் ரெத்தேனோவின் வாயிலிருந்து கள் பீய்ச்சி அடித்தது. அத்தனை மாதம் கழித்து அவர் பேசிய முதல் சொல், "புளிச்சிருச்சு."

புலிங்கி கட்டையிடம் கேட்டு, அது செருமிய பிறகே, முத்திரை இருந்த முனையை மட்டும் அறுத்து எடுத்துப் போனார். மிச்சத்தை ஓவோனோவும் அவோரேயும் படகாகக் குடைந்தார்கள். காற்று மாறப்போகும் காலையில் படகு இருமும். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. அந்த வீட்டில் விருந்து என்றால் முதல் கறித்துண்டு படகுக்குத்தான். ஓவோனோவின் அப்பாவே கொண்டுபோய் வைக்கிறார், எலும்பில்லாத துண்டாகப் பார்த்து.